ஊர் காய்ச்சிய கஷாயம்

சிர்கா எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிறந்தது நாரின் என்ற மலைநகரத்தின் பக்கம், குளிர் எலும்பைக் கடிக்கும் ஊர். பள்ளி முடித்ததும் தலைநகர் பிஷ்கேக்குக்கு வந்து, ஒரு தையல் பட்டறையில் ரஷ்யாவுக்குப் போகும் சட்டைகளுக்குக் காலர் தைத்தாள். அங்கே துணிமூட்டை இறக்க வந்த எர்மெக்கைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். அவனோ இரண்டாவது குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே ரஷ்யாவின் கஸான் நகரத்துக்கு டாக்ஸி ஓட்டப் போய்விட்டான். அன்றிலிருந்து அடுப்பு, பசு, பீன்ஸ் வயல், இரண்டு பிள்ளைகள், மாமியார் காலிச்சா எல்லாம் அவள் பொறுப்பு. நான் பக்கத்து வீடு. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். காலிச்சா அதே பள்ளிச் சமையலறையில் பல வருடம் சூப் காய்ச்சியவர்.

எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் மருமகளுக்குக் கைகள் உண்டு, வாய் கிடையாது. விருந்தாளி வந்தால் டீ ஊற்ற வேண்டும், குனிந்து வணங்க வேண்டும், கணவன் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு மறுசொல் சொல்லக் கூடாது. இதை மரபு என்று மேடையேறிப் பெருமை பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட ஒரு கிண்ணம் டீ ஊற்றி நான் பார்த்ததில்லை.

பீன்ஸ் விதைப்பு முடிந்த கையோடு காலிச்சாவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. தலைநகரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். கட்டி சுருங்கிய பிறகு அறுவை சிகிச்சை. என் பழைய காரில் கணவாய் ஏறி இறங்கி அழைத்துப் போவேன். மருத்துவர் கைர்னிசா நாற்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், பேசினால் புரியும்படி பேசுவார். கோடை நடுவில் அவர் காலிச்சாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கட்டி பாதியாச்சு. இந்த மருந்து உங்களுக்கு நல்லா கேக்குது" என்றார். திரும்பி வரும் வழியில் காலிச்சா கணவாய் உச்சியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கடையில் புளித்த குதிரைப்பால் வாங்கி எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, தான் அதன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமுடி அப்போது முழுக்கக் கொட்டியிருந்தது. சிர்கா தைத்துக் கொடுத்த பூப்போட்ட குல்லாய் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கையால் பிடித்திருந்தார்.

நோயாளியைப் பார்க்க எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவருவதை மருந்து என்று யாரும் சொல்வதில்லை. மனசு என்பார்கள். "என் மனசைக் கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டினால் அதை எப்படி மறுப்பது? புற்றுநோய் மருந்து ஈரலைத் தின்றுவிடும் என்ற செய்தி கைபேசி வழியாக ஊருக்குள் வந்திருந்தது. முழுப் பொய்யும் இல்லை. சில மருந்துகள் ஈரலைப் படுத்துவது உண்மைதான். ஆகவே ஊர் முழுக்க காலிச்சாவின் ஈரலைக் காப்பாற்றக் கிளம்பியது.

காலிச்சாவின் செத்துப்போன கணவரின் அண்ணன் ஜுமாஷ், முட்டிவலியோடு மலைச்சரிவில் ஏறி, ஊதாப் பூப் பூக்கும் முள்செடியின் விதையைத் தட்டிச் சேர்த்து, அரைத்து, தேனில் குழைத்துக் கொண்டுவந்தார். கணவரின் தங்கை உம்சுனாய் சந்தையில் ஒரு பெண்ணிடம் வாங்கிய காய்ந்த இலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். அந்த வியாபாரி டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு கைபேசி வீடியோவில் பேசுகிறவள், எதைப் படித்தாள் என்று யாரும் கேட்டதில்லை. எதிர்வீட்டிலிருந்து மக்காச்சோள நார். பள்ளிக் காவலாளி வீட்டிலிருந்து வளைக்கரடிக் கொழுப்பு. இன்னும் பெயர் தெரியாத வேர்கள்.

எங்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. விரிப்பில் ரொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்தவர், அவசரமாகப் போனாலும் ஒரு துண்டு பிய்த்து வாயில் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நீட்டிய கிண்ணத்தை வாயில் தொடாமல் திருப்பிக் கொடுத்தால், கொடுத்தவர் முகத்தில் அறைந்த மாதிரி. வந்தவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைச் சிர்காவைக் காய்ச்சச் சொல்லி, தங்கள் கையாலேயே ஊற்றி நீட்டுவார்கள். காலிச்சா குடிப்பார். அடுத்தவர் வருவார். அதையும் குடிப்பார்.

நான் ஒருநாள் கேட்டேன். "இத்தனையும் எதுக்குங்க உள்ள தள்றீங்க?"

"வாத்தியாரே, உங்களுக்கென்ன, புத்தகத்தோட பேசுவீங்க, அது கோவிச்சுக்காது. ஜுமாஷ் அத்தான் அந்த முட்டியை வெச்சுக்கிட்டு மலை ஏறியிருக்கார். வேணாம்னு சொல்ற வாய் எனக்கு இல்ல."

"வயித்துக்குள்ள போய் அதுங்க சண்டை போட்டுக்கிட்டா?"

"போடட்டும். எனக்குப் பொழுது போகும்."

செப்டம்பரில், பீன்ஸ் காய்கள் செடியிலேயே காய்ந்து மஞ்சளாகும் சமயம், அடுத்த மருந்துக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் கைர்னிசா எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"இன்னைக்கு மருந்து ஏத்த முடியாது. ஈரல் கணக்கு நாலு மடங்கு ஏறியிருக்கு. இந்த நிலைமைல ஏத்தினா ஆபத்து."

காலிச்சா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம்?"

"ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்பேன். இறங்கலைன்னா, இந்த மருந்துதான் காரணம்னு முடிவு பண்ணி வேற மருந்துக்கு மாத்தணும். ஆனா இதுக்குக் கட்டி கேட்ட மாதிரி அதுக்கும் கேக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்லம்மா. நீங்க குடுத்தது மட்டும்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. மருந்து எதுவும் அவர் சாப்பிடவில்லைதான். மற்றதெல்லாம் மனசுதானே. எனக்கும் அந்தக் கிண்ணங்கள் அப்போது உறைக்கவில்லை. மாமியார் பேசும்போது மருமகள் குறுக்கே பேசக் கூடாது. சிர்கா கதவோரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டோம். வரும்போதே காலிச்சா கைபேசியில் வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். காலிச்சாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு சிர்கா கதவைச் சாத்தும்போது கைபேசி அடித்தது. உம்சுனாய். ஒலிபெருக்கி தேவையே இல்லை. அவர் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"மருந்து ஏத்தலையாமே? ஏண்டி, ஈரல் வீங்கிக் கிடக்குன்னா அப்படி என்னத்தடி போட்டுக் குடுத்தே என் அண்ணிக்கு? காஞ்ச ரொட்டியா? பழைய கறியா? எங்க எர்மெக் அங்க பாடுபட்டு அனுப்பறான், நீ இங்க என்ன பண்றே? ஒரு மனுஷியைப் பாத்துக்கத் துப்பில்ல?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வீட்டில் ஒரு கரண்டி எடுத்து வைக்காத பெண்மணி, விடியும் முன் எழுந்து பால் கறந்து, மாமியாரின் வாந்தி துடைத்து, வயலுக்குத் தண்ணீர் கட்டும் பெண்ணைப் பார்த்துத் துப்பில்லை என்கிறார்! கைபேசியைக் கொடு என்று கையை நீட்டினேன். சிர்கா கொடுக்கவில்லை. அவள் முகத்தில் கோபமும் இல்லை. "சரிங்க சின்னத்தை" என்று சொல்லி வைத்துவிட்டு, ஏதோ கணக்குப் போடுவது போல் தரையைப் பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, சின்னத்தை கேட்டது நியாயந்தான்."

"என்ன நியாயம்?"

"நான் என்ன போட்டுக் குடுத்தேன்னு கேட்டாங்கள்ல. நான்தானே எல்லாத்தையும் காய்ச்சினேன். கொஞ்சம் இருங்க, வந்துடறேன்."

பையோடு மருத்துவமனைப் படிகளில் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

கைர்னிசா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிர்கா அனுமதி கேட்காமல் கதவைத் திறந்தாள். அவள் அப்படித் திறந்த முதல் கதவு அதுவாகத்தான் இருக்கும்.

"அம்மா, எங்க அத்தை மருந்து எதுவும் சாப்பிடலைன்னு சொன்னாங்க. அது சரிதான். ஆனா கஷாயம் குடிக்கறாங்க. தினமும்."

"என்ன கஷாயம்?"

"பெரிய மாமா குடுத்த முள்செடி விதை. எதிர்வீட்டு அக்கா குடுத்த சோள நார். அப்புறம் சின்னத்தை குடுத்தது, அது காய்ஞ்ச இலையும் மஞ்சப் பூவும். எல்லாமே ஈரலுக்கு நல்லதுன்னுதான்." சொல்லிக்கொண்டே பையிலிருந்து தெர்மாஸ் குடுவையை எடுத்தாள். வழியில் காலிச்சா குடிக்கக் கொண்டுவந்தது. கூடவே, இரவு தங்க நேர்ந்தால் காய்ச்ச உம்சுனாய் கொடுத்த பொட்டலம் ஒன்று.

கைர்னிசா பொட்டலத்தை மேசையில் கொட்டி, ஒரு காம்பை விரலால் புரட்டிப் பார்த்தார். "இது பச்சையா இருக்கறப்ப ஒடிச்சா மஞ்சளாப் பால் வடியுமே, அந்தச் செடியா?"

"ஆமாம்மா. வாய்க்கால் ஓரத்துல எங்க ஊர்லயும் முளைக்கும். மருவுக்குத் தடவுவாங்க."

"மருவுக்குத் தடவறது வேற. இதை உள்ளுக்குக் குடிச்சு, நல்லா இருந்தவங்களுக்கே ஈரல் வீங்கியிருக்கு. நான் பாத்திருக்கேன்." சிர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கைர்னிசா குரலைத் தாழ்த்தினார். "உன்னைத் திட்டலம்மா. நீ ஓடி வரலைன்னா நான் பாட்டுக்கு ஒரு நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டிருப்பேன்."

"அப்ப முள்செடி விதையும் விஷமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். அதை வெச்சு நெஜமாவே ஆராய்ச்சி பண்றாங்க. சின்னச் சின்ன சோதனை சிலதுல ஈரலுக்குக் கொஞ்சம் உதவின மாதிரி தெரியுது, சிலதுல ஒண்ணும் தெரியல. எவ்வளவு குடுக்கணும், இந்த மருந்தோட சேந்தா என்ன ஆகும், எனக்கே முழுசாத் தெரியாது. தெரியாததை நான் நோயாளிக்கு ஊத்த மாட்டேன். நீயும் ஊத்தாதே. எல்லாத்தையும் நிறுத்து. ஏற வெச்சது கஷாயமா என் மருந்தான்னு ரெண்டு வாரத்துல தெரியும்."

அறிவு என்பது இதுதான் என்று அந்த அறையில் நின்றபடி நினைத்தேன். தெரிந்ததைத் தெரியும் என்கிறது, தெரியாததைத் தெரியாது என்கிறது. சந்தையில் டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பவளுக்குத் தெரியாதது என்று ஒன்றுமே இல்லை.

டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் நிறுத்துவது எப்படி? காரில் காலிச்சாவே கையை விரித்தார். "நீ சொல்றது புரியுது பொண்ணு. ஆனா வந்து உக்காந்து கிண்ணத்தை நீட்டுவாங்களே. முகத்துக்கு நேரா எப்படித் தள்றது? நான் செத்துப் போனாலும் பரவாயில்ல, காலிச்சா மனசை மிதிச்சான்னு பேரு வேணாம்."

"நீங்க சாகறது எனக்குப் பரவாயில்லாம இல்ல, அத்தை" என்றாள் சிர்கா.

மருந்து நின்றுபோன செய்தி எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் மதியமே உறவு முழுக்கக் கூடியது. ஜுமாஷ் புதிதாக ஒரு ஜாடியோடு வந்து மூத்தவருக்கான மேலிடத்தில் உட்கார்ந்தார். உம்சுனாய் முன்னைவிடப் பெரிய பொட்டலத்தோடு வந்தார். "இது சாதாரணது இல்ல, ரெட்டைப் பலம். ஈரலைக் கழுவி வெயில்ல காயப்போட்ட மாதிரி ஆக்கிடுமாம்." என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். காலிச்சா சுவரோரம் மெத்தையில் சாய்ந்திருந்தார். கண்வெள்ளை மங்கலாக மஞ்சளித்திருந்தது.

சிர்கா விரிப்பை விரித்தாள். ரொட்டி, பாலாடை, பழப்பாகு, பொரித்த மாவுத் துண்டுகள் எல்லாம் வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பெரிய கெண்டியைக் கொண்டுவந்து கிண்ணங்களில் ஊற்றினாள். முதல் கிண்ணம் ஜுமாஷுக்கு, இடுப்பு வளைய வணங்கி, மார்பில் ஒரு கை வைத்து.

ஜுமாஷ் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "என்னம்மா டீ இது? தார் மாதிரி இருக்கு."

"டீ இல்ல, பெரிய மாமா. நீங்க எல்லாரும் கொண்டு வந்த மனசு. வீட்டுல இருந்த அத்தனையையும் ஒண்ணாப் போட்டுக் காய்ச்சினேன். வாய் தொட்டு வையுங்க."

உம்சுனாய்க்கும் ஒரு கிண்ணம் போனது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று.

"ஒண்ணாவா? எல்லாத்தையுமா?" என்றார் ஜுமாஷ்.

"ஆமாங்க. அத்தை வயித்துல எல்லாம் ஒண்ணாத்தானே கிடக்கு. அங்க தனித்தனிச் சட்டி இல்லையே."

ஜுமாஷ் கிண்ணத்தைத் தூக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவித்தார். வழக்கத்தை மீறினால் வீட்டுக்காரிக்கு அவமானம். மீறாவிட்டால் அந்தக் கறுப்புத் தண்ணீர். கடைசியில் தொண்டையைச் செருமினார். "நான் பிரஷர் மாத்திரை போடறேன்மா. அதோட கண்டதையும் கலந்து குடிக்கக் கூடாதுன்னு எங்க டாக்டர் சொல்லியிருக்கார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

முதலில் சிரித்தது காலிச்சா. குல்லாய் நழுவி மொட்டைத் தலை தெரிய, மெத்தையில் ஒருக்களித்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அத்தான்... உங்க ஒத்தை மாத்திரைக்கு ஆகாதது... எனக்கு ஒரு பாட்டில் மருந்து ஏத்தறாங்களே!"

உம்சுனாய் சிரிக்கவில்லை. "நேத்து வந்தவ, பெரியவங்களை உக்கார வெச்சுக் கேலியா பண்றே? நாங்க என்ன விஷமா கொண்டாந்தோம்?"

சிர்கா கெண்டியைக் கீழே வைத்தாள். "கேலி இல்ல சின்னத்தை. நீங்க நல்ல மனசோடதான் கொண்டாந்தீங்க. உங்க பொட்டலத்துல ஒரு செடி இருக்கு, அது ஈரலைக் கெடுக்கும்னு டாக்டர் பாத்துட்டுச் சொன்னாங்க. அதை வித்தவ உங்களையும் ஏமாத்திட்டா. நான் காய்ச்சினேன், என் கையால காய்ச்சினேன், அது என்னைத்தான் குத்துது. கட்டிக்குக் கேக்கற மருந்து அத்தைக்கு இருக்கு. ஈரல் இறங்கலைன்னா அது கிடைக்காது. எனக்கு அத்தை வேணும். அதுக்காக நீங்க என்னை எவ்வளவு திட்டினாலும் சரி."

"ஏ, சும்மா இரு உம்சுனாய்" என்றார் ஜுமாஷ், தங்கை மீண்டும் வாய் திறக்கும் முன். தன் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் மென்றார். "சரிம்மா. அப்ப நாங்க என்னதான் கொண்டு வர்றது? நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோட வரணுமா?"

"வெறுங்கையோடயே வாங்க, பெரிய மாமா. எனக்கு அந்தக் கைதான் வேணும். வயல்ல பீன்ஸ் காய்ஞ்சு வெடிக்கப் போகுது. பிடுங்க ஆளில்ல. நான் போனா அத்தையைப் பாக்க ஆளில்ல."

இரண்டு நாளில் வயல் முடிந்தது. ஜுமாஷ் முட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். எதிர்வீட்டு அக்கா குடும்பத்தோடு வந்தார். நானும் பள்ளி விட்டதும் போய்ச் செடி பிடுங்கினேன். முதுகு ஒரு வாரம் பேசியது. உம்சுனாயும் வந்தார். வரிசையின் மறுமுனையிலிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தார். சந்தைக்காரியின் பெயரை நான் சுகாதார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்தபோது ஈரல் கணக்கு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. "இன்னும் ஒரு வாரம்" என்றார் கைர்னிசா. அந்த ஒரு வாரமும் சிர்கா சரியாகத் தூங்கவில்லை என்று அவள் கண்களே சொல்லின. அடுத்த முறை எண்ணைப் பார்த்ததும் கைர்னிசா தாதியைக் கூப்பிட்டு, "ஏத்துங்க" என்றார். பிறகு சிர்காவிடம், "முழுக் காரணமும் கஷாயம்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறுத்தினதும் இறங்கிச்சு. அதே மருந்தை மறுபடி ஏத்தறேன். ஏறலைன்னா நமக்குப் பதில் தெரிஞ்சுடும்" என்றார். ஏறவில்லை.

அதே மருந்து கடைசித் தவணை வரை போனது. பனிக்காலத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது. வெட்டி எடுத்ததைச் சோதித்துவிட்டு, உயிருள்ள கட்டி எதுவும் மிச்சமில்லை என்று கைர்னிசா சொன்னபோது, காலிச்சா அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் யார், எந்த நாட்டில் எந்த ஆய்வுக்கூடத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்தார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தங்கள் உடம்பில் அதைச் சோதிக்க முன்வந்த நோயாளிகளின் பெயரும் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் எங்கள் தெரு கடன்பட்டிருக்கிறது. அந்த நன்றி எனக்குப் போதவில்லை. ஓடிப்போய் ஒரு கதவைத் திறந்தவளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வசந்தத்தில் காலிச்சா நன்றி விருந்து வைத்தார். ஆடு அடித்தார்கள். எங்கள் விருந்தில் எலும்புக்கும் தகுதி உண்டு: மூத்தவருக்கு இன்ன துண்டு, அடுத்தவருக்கு இன்னது என்று பிரித்து வைப்பார்கள். இடுப்பெலும்புக் கறி வீட்டின் மூத்த பெண்ணுக்கு. மருமகளுக்குக் கடைசியில் மிஞ்சுவது. தன் முன் வைத்த இடுப்பெலும்பைக் காலிச்சா தட்டோடு தூக்கினார். தலையில் அப்போதுதான் குட்டையாக நரைமுடி முளைத்திருந்தது.

"சிர்கா, இங்க வா. உக்காரு."

"அத்தை, டீ கொதிக்குது..."

"கொதிக்கட்டும். இது உனக்கு."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் ஏதோ முணுமுணுத்தார். ஜுமாஷ் அவரைப் பார்த்து, "சாப்பிடட்டும், உமக்கென்ன?" என்றார். சிர்கா முகம் சிவக்க உட்கார்ந்தாள். கறியைப் பிய்த்து முதல் துண்டைக் காலிச்சாவின் வாயில் வைத்தாள். அடுத்ததை வைப்பதற்குள் பிள்ளைகள் இரண்டும் பாய்ந்து பாதியைப் பிடுங்கிக்கொண்டன. மிச்சத்தை அவள் அங்கேயே உட்கார்ந்து, யாருக்கும் டீ ஊற்றாமல், எலும்பு வரைக்கும் தின்றாள்.

பிறகு எழுந்து பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு வெளியே கழுவப் போனாள். அன்றைக்கும் அவள்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. நான் எழுந்திருக்கலாம் என்று காலை ஊன்றுவதற்குள், உம்சுனாய் எழுந்து, துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.